சோதனையையும் சோதித்துப் பார்
பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி



கணிப்பொறிக்காரர்கள் பிழையைப் ‘பக்’ என்று, அதாவது பூச்சி என்று, சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 என்னும் பெரிய கணிப்பொறி தகராறு செய்தது. திறந்து பார்த்தால் ரிலே ஒன்றின் நடுவே ஒரு விட்டில் பூச்சி அகப்பட்டிருந்தது! அதை எடுத்து அன்றாடக் குறிப்பேட்டிலேயே நாடா போட்டு ஒட்டி வைத்தார்கள். அந்தக் குறிப்பேடு இன்றும் ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்தக் கதையை ஊரெங்கும் சொல்லிப் பரப்பியவர் கிரேஸ் ஹாப்பர் அம்மையார். ‘பக்’ என்ற சொல்லே அன்றுதான் பிறந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியன்று. 1878-இலேயே எடிசன் தம் கடிதம் ஒன்றில் இயந்திரக் கோளாறுகளுக்கு அந்தச் சொல்லை எழுதியிருக்கிறார்.

விட்டில் பூச்சியைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் பிழையைத் தேடுகிற கருவியிலேயே பிழை இருந்தால் எப்படிப் பார்ப்பது? அந்தக் கருவியைச் சோதிக்கிற சோதனையிலும் பிழை இருந்தால்? சென்ற அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் என் அக்காவின் அருகில் அமர்ந்து நான் கண்டதும் கற்றதும் இதைப் பற்றித்தான்.

அக்கா பொறியியல் கல்லூரியில் இறுதி ஆண்டு மாணவி. தோழியர் மூவருடன் சேர்ந்து சிறுவர்க்கான ஒரு சின்னக் கணிப்பொறி மொழியையும், அதற்கு ஒரு டீபக்கரையும் செய்துகொண்டிருந்தாள். டீபக்கர் என்றால் என்ன? ஓடுகிற நிரலை நாம் சொன்ன வரியில் நிறுத்தி, “இப்போது உன் பெட்டிக்குள் என்னென்ன மதிப்புகள் இருக்கின்றன, காட்டு” என்று கேட்கும் கருவி. நிறுத்தச் சொல்லும் இடத்துக்கு நிறுத்தப்புள்ளி என்று பெயர்.

முற்காலத்தில் ஒவ்வொரு எழுதுகருவிக்கும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனிப் பாலம் கட்ட வேண்டியிருந்தது. எழுதுகருவிகள் 5, மொழிகள் 6 என்றால் 30 பாலங்கள். எல்லோரும் ஒரே பேச்சு முறைக்கு ஒப்புக்கொண்டால் 11 போதும். இந்த எண்ணத்தில்தான் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் விஷுவல் ஸ்டூடியோ கோட் எழுதுகருவிக்காக டீபக் அடாப்டர் புரோட்டோகால் என்ற நெறிமுறையை அமைத்து, பிறரும் எடுத்தாளும்படி வெளியிட்டது. 1986-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் தொடங்கிய ஜிடிபி என்னும் புகழ்பெற்ற டீபக்கரும் 2023-இல் வந்த 14-ஆம் பதிப்பிலிருந்து இந்த நெறிமுறையைப் பேசுகிறது. அக்காவின் குழுவும் இதையே எடுத்துக்கொண்டது.

நெறிமுறை என்றதும் பயப்பட வேண்டாம். நம் பள்ளி அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறோம். அது வேண்டுகோள். அதே சீட்டு எண்ணைக் குறிப்பிட்டு அலுவலகத்திலிருந்து பதில் வருகிறது. இவை இரண்டும் அல்லாமல், யாரும் கேட்காமலே மணி அடிக்கிறதே, அது நிகழ்ச்சி. டீபக்கர் பேச்சிலும் இந்த மூன்றே வகைதான். “4-ஆம் வரியில் நிறுத்து” என்பது வேண்டுகோள். “சரி” என்பது பதில். சிறிது நேரம் கழித்து “நிரல் நின்றுவிட்டது” என்று தானாக வருவது நிகழ்ச்சி. மணி எப்போது அடிக்கும் என்று சீட்டில் எழுதியிருக்காது. பின்னால் வரும் துன்பமெல்லாம் இங்கிருந்துதான் வந்தது.

இந்தப் பேச்சு ஒழுங்காக நடக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் கையால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே எழுதுகருவியைப் போல நடித்து, வேண்டுகோள் அனுப்பி, பதிலைச் சரிபார்த்து, பச்சை அல்லது சிவப்பு என்று காட்டும் சோதனைகளை எழுதி வைத்திருந்தார்கள். பொத்தானை அழுத்தினால் எல்லாம் தாமே ஓடும்.

நான் பார்க்க உட்கார்ந்த அன்று ஒரு சோதனை சில வேளை பச்சையாகவும் சில வேளை சிவப்பாகவும் வந்துகொண்டிருந்தது. நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. துறைத் தலைவர் முன்னிலையில் காட்ட வேண்டிய நாளுக்குப் பத்து நாள்கூட இல்லை. அக்காவின் தோழி ஒருத்தி தொலைபேசியில், “அந்தச் சோதனையைத் தூக்கிவிடு. பார்வைக்கு எல்லாம் பச்சையாக இருந்தால் போதும்” என்றாள். மற்றொருத்தி, “தூக்க வேண்டாம். காத்திருக்கும் நேரத்தை ஒரு விநாடியிலிருந்து ஐந்தாக ஆக்கிவிடு” என்றாள். அக்கா இரண்டுக்கும் இணங்கவில்லை. கோபமாகப் போனை வைத்தாள். பிறகு என்னிடம் திரும்பி, “உன் ரஃப் நோட்டை எடு. நான் ஓட்ட ஓட்ட, மணியும் முடிவும் எழுது. வேறு எது தோன்றினாலும் அதையும் எழுது” என்றாள்.

எழுதினேன். பக்கம் நிறைந்தது. காலை முழுவதும் பச்சை. பதினோரு மணிக்குமேல் சிவப்பு, சிவப்பு, பச்சை, சிவப்பு. பன்னிரண்டரைக்குப் பிறகு மீண்டும் பச்சை. “வேறு எது தோன்றினாலும்” என்று சொல்லியிருந்தாளே, அதனால் ஓரத்தில் நான் ‘கரண்ட் போச்சு’, ‘கரண்ட் வந்தது’ என்றும் குறித்திருந்தேன், மின்விசிறி நின்ற எரிச்சலில்! அந்த இரண்டு குறிப்புகளுக்கு நடுவில்தான் எல்லாச் சிவப்பும் இருந்தது.

அக்கா என் நோட்டை வாங்கிப் பார்த்து, சிறிது நேரம் பேசவேயில்லை. பிறகு சொன்னாள்: “மின்சாரம் இல்லாதபோது மடிக்கணினி பேட்டரியை மிச்சப்படுத்த மெதுவாக ஓடுகிறது. அவ்வளவுதான்.”

அப்படியானால் சோதனை என்ன செய்துகொண்டிருந்தது? நிரலை ஓடவிட்டு, ஒரு விநாடி தூங்கி, அதற்குள் 4-ஆம் வரியில் நின்றிருக்கும் என்று தானே முடிவு கட்டி, “எங்கே நிற்கிறாய்?” என்று கேட்டது. பொறி வேகமாக இருந்தால் நின்றிருக்கும். மெதுவாக இருந்தால் நின்றிருக்காது. காய் வெந்ததா என்று பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்து இறக்கி வைப்பது போன்றதுதான். ஐந்து விநாடி ஆக்கினால் இன்னும் மெதுவான பொறியில் மீண்டும் தவறும். வேகமான பொறியில் ஒவ்வொரு முறையும் நான்கு விநாடி வீணாகும். செய்ய வேண்டியது, “நின்றுவிட்டது” என்ற நிகழ்ச்சி வரும்வரை காத்திருப்பது. அது வராமலே போனால் சோதனை நாளெல்லாம் தொங்கிக்கொண்டிராமல் இருக்க, பத்து விநாடி என்று மேல்வரம்பு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அக்கா அப்படியே மாற்றினாள். நானும் வெற்றி என்று கைதட்டினேன். ஆனால் மாற்றிய பிறகு மின்சாரம் இருக்கும்போது சிவப்பு வரத் தொடங்கியது! முன்பு மெதுவாக ஓடினால் தவறிய சோதனை இப்போது வேகமாக ஓடினால் தவறியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவுக்குச் சிரிப்பு வந்தது.

இங்கேதான் அவள் எனக்கு மிக நல்ல ஒரு பழக்கத்தைக் காட்டினாள். ஊகம் செய்வதை நிறுத்திவிட்டு, போகிற வருகிற ஒவ்வொரு செய்தியையும் நேரத்துடன் ஒரு கோப்பில் எழுதும்படி வைத்தாள். பிறகு சிவப்பான ஓட்டத்தின் கோப்பையும் பச்சையான ஓட்டத்தின் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதல் வரியிலிருந்து ஒத்துப் பார்த்தோம். எந்த வரியில் இரண்டும் முதன்முதலாகப் பிரிகின்றனவோ அங்கே நிற்க வேண்டும். அதற்குக் கீழே உள்ள கூச்சலை எல்லாம் படித்தால் மனம்தான் குழம்பும். பிரிந்த இடம் இதுதான்: பச்சையில், “தொடர்ந்து ஓடு” என்ற வேண்டுகோளுக்குப் பதில் வந்தது, சோதனை காது கொடுத்தது, பிறகு “நின்றுவிட்டது” வந்தது. சிவப்பில் பதிலின் வாலைப் பிடித்துக்கொண்டே “நின்றுவிட்டது” வந்துவிட்டது. சோதனை காது கொடுப்பதற்கு முன்பே மணி அடித்து ஓய்ந்துவிட்டது. அடித்துப்போன மணிக்காகப் பத்து விநாடி உட்கார்ந்திருக்கிறது, பாவம்!

வருகிற நிகழ்ச்சிகளை எல்லாம் ஒரு பெட்டியில் போட்டு வைத்து, முதலில் பெட்டியைப் பார், இல்லாவிட்டால் காத்திரு என்று எழுதியதும் சரியாயிற்று. மின்சாரத்தை வேண்டுமென்றே துண்டித்தும் இணைத்தும் ஐம்பது முறை ஓட்டினோம். அம்மா வந்து, “சுவிட்சை ஏன் இந்தப் பாடு படுத்துகிறீர்கள்?” என்று அதட்டிவிட்டுப் போனார்கள்.

இதைப் போன்ற இன்னொரு சிக்கலை அக்கா பேச்சுவாக்கில் சொன்னாள். “நிரலைத் தொடங்கு” என்ற வேண்டுகோளுக்குச் சில அடாப்டர்கள் உடனே பதில் தரமாட்டா. நிறுத்தப்புள்ளிகளை எல்லாம் கொடுத்து, “ஏற்பாடு முடிந்தது” என்று நாம் சொன்ன பிறகே பதில் தரும். இது தெரியாமல் தொடக்கப் பதிலுக்காகக் காத்திருந்துவிட்டுப் பிறகு ஏற்பாட்டைச் சொல்லலாம் என்று சோதனை எழுதினால், விருந்தாளியும் வீட்டுக்காரரும் “முதலில் நீங்கள் சாப்பிடுங்கள்” என்று சொல்லிச் சொல்லி இருவர் இலையும் காய்வது போல ஆகிவிடும்.

இனி நான் சொல்லப்போவது என்னை மிகவும் திடுக்கிட வைத்தது. அந்தச் செய்திக் கோப்பைப் படித்துக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. பழைய சிவப்பு ஓட்டங்களில், “எங்கே நிற்கிறாய்?” என்ற கேள்விக்கு அடாப்டர் வெறும் பட்டியலைத் தந்திருந்தது. அதே வெறும் பட்டியலை வாங்கிய பக்கத்துச் சோதனை ஒன்று பச்சையாக இருந்தது! “இது எப்படி அக்கா?” என்றேன். அவளும் குனிந்து பார்த்தாள். அந்தச் சோதனை சொல்வது: ‘பட்டியலில் உள்ள ஒவ்வோர் அடுக்கிலும் கோப்பின் பெயர் சரியாக இருக்க வேண்டும்.’ பட்டியலில் ஒன்றுமே இல்லை. ஆகவே தவறான பெயரும் ஒன்றுகூட இல்லை. ஆகவே தேர்ச்சி! வகுப்பில் யாருமே தேர்வுக்கு வராத நாளில், “எங்கள் வகுப்பில் ஒருவரும் தோல்வியடையவில்லை” என்று பெருமை பேசலாம் அல்லவா?

இந்தச் சோதனையை எழுதியவள் அக்காவேதான். அவள் முகம் சுருங்கிவிட்டது. “மூன்று மாதமாக இது பச்சையாக இருக்கிறது. இதை நம்பித்தான் நான் நிம்மதியாக இருந்தேன்” என்றாள்.

அன்று மாலையே அவள் எல்லாச் சோதனைகளையும் திருத்த உட்கார்ந்தாள். முறை எளிது, ஆனால் மனம் வேண்டும். நல்ல அடாப்டரை வேண்டுமென்றே கெடுக்க வேண்டும். வரி எண்ணில் ஒன்றைக் கூட்டிவிடு. மதிப்பை அனுப்பாமல் விடு. பெயரை மாற்று. பிறகு சோதனையை ஓட்டு. சிவப்பு வந்தால் அந்தச் சோதனை வேலை செய்கிறது. பச்சையே வந்தால் அது காவல்காரன் வேடம் போட்ட பொம்மை. அப்படி நான்கு பொம்மைகள் அகப்பட்டன. ஒன்று, நிறுத்தப்புள்ளியைக் கேட்டதற்குப் ‘பதில் வந்ததா’ என்று மட்டும் பார்த்தது. ‘உறுதி செய்யப்பட்டது’ என்று பதிலுக்குள் இருக்கும் சொல் உண்மையா பொய்யா என்று பார்க்கவில்லை. அடாப்டர் “இந்த வரியில் நிறுத்த முடியாது” என்று மரியாதையாகப் பதில் சொன்னாலும் அது மகிழ்ச்சியோடு தலையாட்டியிருக்கும்.

எனக்கும் ஒரு சோதனை எழுத ஆசை வந்தது. மாறி ஒன்றில் ‘வணக்கம்’ என்ற சொல்லை வைத்து, நின்ற இடத்தில் அந்த மதிப்பு அப்படியே வருகிறதா என்று பார்க்கும் சிறிய சோதனை. சிறுவர்க்கான மொழியில் தமிழ் இல்லாமல் இருக்கலாமா என்பதுதான் என் எண்ணம். பச்சை வந்தது. பெருமை தாங்கவில்லை. அக்காவும் மெச்சி, அதே நிரலை உண்மையான எழுதுகருவியில் திறந்து காட்ட முற்பட்டாள். எழுதுகருவி அப்படியே உறைந்து நின்றது.

காரணத்தைச் சொல்கிறேன், சற்றே பொறுமையாகக் கேளுங்கள். இந்த நெறிமுறையில் ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் ‘பின்வரும் செய்தியின் நீளம் இவ்வளவு’ என்று ஒரு தலைப்பு வரி உண்டு. அந்த நீளம் எழுத்துக் கணக்கு அன்று, பைட்டுக் கணக்கு. ஆங்கில எழுத்துகளுக்கு யூடிஎஃப்-8 முறையில் எழுத்துக்கு ஒரு பைட்டு என்பதால் இரண்டு கணக்கும் ஒன்றாகவே இருக்கும். தமிழில் அப்படி இல்லை. ‘வணக்கம்’ நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணிப்பொறியோ புள்ளிகளைத் தனியாக எண்ணுவதால் வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி என்று ஏழு குறியீடுகளாக வைத்திருக்கிறது. குறியீட்டுக்கு 3 பைட்டு வீதம் 21 பைட்டு. அக்காவின் குழு அடாப்டரை ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதி, சரத்தின் நீளத்தை அப்படியே தலைப்பில் போட்டிருந்தார்கள். ஆக, 21 என்று சேர்க்க வேண்டிய இடத்தில் 7 என்று சேர்ந்தது. தலைப்பு 14 பைட்டுக் குறைவாகச் சொல்லியது. எழுதுகருவி அதை நம்பி, செய்தியின் கடைசி 14 பைட்டை வெட்டிவிட்டுப் படித்தது. பொருள் விளங்கவில்லை. வெட்டிய துண்டு அடுத்த செய்தியின் தலையில் ஒட்டிக்கொண்டது. பிறகு எதுவுமே விளங்கவில்லை.

அப்படியானால் என் சோதனை ஏன் பச்சையாக இருந்தது? சோதனைக்காக எழுதுகருவியைப் போல நடிக்கும் பகுதியை எழுதியவர்களும் இவர்களே. அங்கேயும் அதே எழுத்துக் கணக்கால் படித்திருந்தார்கள். அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் ஒரே தவறான படியை வைத்துக்கொண்டு அளந்தால் அளவு சரியாகத்தானே இருக்கும்? தேர்வு எழுதியவளே தன் விடைத்தாளையும் திருத்தினால் நூற்றுக்கு நூறு!

நான் உடனே அடாப்டரைத் திருத்தச் சொன்னேன். அக்கா கையைப் பிடித்துத் தடுத்தாள். முதலில் சோதனைப் பகுதியைப் பைட்டுக் கணக்குக்கு மாற்றினாள். ஓட்டினாள். என் சோதனை சிவப்பாயிற்று. “இப்போதுதான் இது பிழையைப் பார்க்கிறது” என்றாள். அதன் பிறகே அடாப்டரைத் திருத்தினாள். பச்சை. அந்தப் பச்சையைப் பார்த்தபோது எனக்கு முதல் பச்சையைவிட அதிக மகிழ்ச்சியாக இருந்தது.

மறுநாள் பதினொரு சோதனைகள் ஒரே சமயத்தில் சிவப்பாயின. என் திருத்தத்தால்தானோ என்று நடுங்கினேன். இல்லை. முதலாவது மட்டுமே உண்மையாகத் தவறியது. அது பாதியில் செத்தபோது, தான் தொடங்கிய நிரலை மூடாமல் விட்டுவிட்டது. அந்த அநாதை நிரல் பேச்சு வாசலான போர்ட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, பின்னால் வந்த பத்தும் வாசலில் முட்டி மோதின. சோதனை வென்றாலும் தோற்றாலும் நிரலை மூடிவிட்டே போக வேண்டும் என்றும், வாசல் எண்ணை நாமே குறிக்காமல் காலியாக இருப்பதை இயக்க முறைமையே தரட்டும் என்றும் மாற்றியதில் அது தீர்ந்தது.

“தூக்கிவிடு” என்று சொன்ன தோழியும் நேரில் வந்தாள். கெட்டவள் அல்லள், பயந்திருந்தாள், அவ்வளவே. அவளும் அக்காவும் சேர்ந்து, இப்போதைக்குத் தீர்க்க முடியாத இரண்டு சோதனைகளை அழிக்காமல், ‘தவறும் என்று தெரியும்’ என்ற குறியும் காரணமும் தேதியும் எழுதி வைத்தார்கள். ஜிடிபியின் சோதனைத் தொகுப்பிலும் இந்த வழக்கம் உண்டாம். அங்கே தேர்ச்சி, தோல்வி என்ற இரண்டோடு, எதிர்பார்த்த தோல்வி, அறிந்த பிழையால் தோல்வி, சோதிக்கப்படவில்லை என்று தனித்தனியாகக் குறிக்கிறார்கள். நம் முன்னேற்ற அறிக்கையிலும் ‘வரவில்லை’ என்பதும் ‘பூஜ்யம்’ என்பதும் வேறு வேறுதானே.

குறித்த நாளில் துறைத் தலைவர் வந்து பார்த்தார். அந்த இரண்டு குறிகளைப் பற்றித்தான் நிறையக் கேட்டாராம். அக்கா ஒளிக்காமல் சொல்லியிருக்கிறாள்.

அந்த இரண்டில் ஒன்று என்னுடையது. ஒரு வரிக்குள் எத்தனையாவது எழுத்தில் நிற்கிறது என்பதை இந்த நெறிமுறை பைட்டாலும் எண்ணுவதில்லை, நம் கண்ணாலும் எண்ணுவதில்லை. யூடிஎஃப்-16 என்ற வேறொரு முறையின் அலகால் எண்ணுகிறது. ஆகவே ‘வணக்கம்’ என்பதற்கு அடுத்த இடம் தலைப்பு வரிக்கு 21 தள்ளி, நெறிமுறைக்கு 7 தள்ளி, எனக்கு 5 தள்ளி. அக்காவின் டீபக்கர் தன் சொந்தத் திரையில் அம்புக்குறியை ஏழு கட்டம் தள்ளிப் போடுகிறது, சொல்லைத் தாண்டி வெற்றிடத்தில். முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் அதை எடுத்துக்கொள்ளலாம் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். ரஃப் நோட்டில் கடைசிப் பக்கத்தைக் காலியாக வைத்திருக்கிறேன்.